அடுத்த வகுப்பின் கணக்கு

அமெரிக்கப் பள்ளிகளில் பொதுவாக ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள் நடுநிலை வகுப்புகளாகக் கருதப்படுகின்றன; அங்கே கணிதம் கற்பிக்க வருவோரில் தொடக்கப் பள்ளிக்குரிய பொதுப் பயிற்சியை மட்டும் பெற்றவர்களும் உண்டு என்பதால், பணியில் இருந்துகொண்டே கூடுதல் கணிதப் பாடங்களைப் படித்துத் தேற வேண்டிய நிலை சிலருக்கு ஏற்படுகிறது. அப்பாடங்களுள் ஒன்று இடைநிலை இயற்கணிதம். தொடக்க இயற்கணிதத்துக்கும் கல்லூரி இயற்கணிதத்துக்கும் இடைப்பட்ட இப்பாடத்தில் காரணிப்படுத்துதல், வர்க்கமூலம் அடங்கிய சமன்பாடுகள், தெரியாத எண்ணின் வர்க்கம் இடம்பெறும் இருபடிச் சமன்பாடுகள், சார்புகள் ஆகியவை வருகின்றன. இவற்றில் பெரும்பகுதியை அந்த ஆசிரியர் தம் வகுப்பில் ஒருநாளும் நடத்தப்போவதில்லை. நடத்தாத பாடத்தை எதற்காகப் படிப்பது என்ற கேள்வி நியாயமானது. ஆசிரியருக்குப் பாடநூலைவிடச் சற்றுக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று வழக்கமாகச் சொல்லப்படும் விடை அதற்குப் போதாது.

அந்தக் கூடுதல் அறிவின் முதல் பயன், ஆசிரியர் நாள்தோறும் வகுப்பில் சொல்லிவரும் சொற்களையே அது சோதனைக்கு உட்படுத்துவதுதான். பெருக்கினால் எண் பெரிதாகும் என்ற விதி முழு எண்களோடு பழகும் குழந்தைக்கு உதவுகிறது, பின்னங்கள் வந்தவுடன் பொய்யாகிவிடுகிறது. கணிதக் கல்வி ஆய்வாளர்களான கேரன் கார்ப், சாரா புஷ், பார்பரா டோஹர்ட்டி ஆகிய மூவரும் இத்தகைய விதிகளைக் காலாவதியாகும் விதிகள் எனக் குறிப்பிட்டு, 2014-இல் தொடக்க வகுப்புகளுக்கும் 2015-இல் நடுநிலை வகுப்புகளுக்கும் தனித்தனியே பட்டியலிட்டனர். எந்த விதி எங்கே காலாவதியாகும் என்பதைப் பட்டியலில் படிப்பது ஒன்று. அது காலாவதியாகும் இடத்துக்குத் தாமே சென்று தடுமாறி அறிவது வேறொன்று.

சமக்குறியின் இருபுறமும் ஒரே செயலைச் செய்யலாம் என்று ஏழாம் வகுப்பில் சொல்லப்படுவதை எடுத்துக்கொள்ளலாம். ஓர் எண்ணோடு 6-ஐக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தைக் கண்டால் அதே எண் கிடைக்கிறது எனில், அந்த எண் எது? வர்க்கமூலத்தை நீக்குவதற்காக இருபுறமும் வர்க்கப்படுத்தினால் ஓர் இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதைக் காரணிப்படுத்தினால் 3, −2 என இரண்டு விடைகள் வரும். 3-உடன் 6-ஐக் கூட்டினால் 9, அதன் வர்க்கமூலம் 3, பொருந்துகிறது. −2-உடன் 6-ஐக் கூட்டினால் 4, அதன் வர்க்கமூலம் 2; −2 அன்று. எந்த வரியிலும் பிழை இல்லாதபோதும் ஒரு பொய்த் தீர்வு நுழைந்துவிட்டது. 2, −2 ஆகிய இரண்டின் வர்க்கமும் 4 என்பதால், வர்க்கப்படுத்தும்போது எண்ணின் குறி அழிந்துபோகிறது. சமமான எண்களின் வர்க்கங்கள் சமம் என்பது உண்மை, வர்க்கங்கள் சமமானால் எண்களும் சமம் என்பது உண்மையன்று. கூட்டியதைக் கழித்தும், சுழியல்லாத எண்ணால் பெருக்கியதை வகுத்தும் திரும்பி வர முடியும் என்பதாலேயே ஏழாம் வகுப்பின் விதி அத்தனை நாளும் தொல்லையின்றி நடந்தது என்பதும், விடையைப் பொருத்திப் பார்ப்பது வெறும் ஒழுங்குக்காகச் சொல்லப்படும் அறிவுரையன்று, தருக்கம் கோரும் ஒரு படி என்பதும் இந்த இடத்தில்தான் ஆசிரியருக்குப் புலப்படுகின்றன.

இன்னொரு வகையில் இப்பாடம் பின்னோக்கியும் ஒளி பாய்ச்சுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகிறது என்ற கணக்கைப் படம் வரைந்து தீர்த்துக் காட்டினார். தெரியாத எண்ணைப் பக்கமாகக் கொண்ட சதுரத்தின் இரு பக்கங்களில், 5 அகலமுள்ள இரண்டு செவ்வகங்களை ஒட்டினால் மொத்தப் பரப்பு 39. மூலையில் குறைவது 5-க்கு 5 அளவுள்ள சிறு சதுரம். அந்த 25-ஐச் சேர்த்தால் 64 பரப்புள்ள முழுச் சதுரம் கிடைக்கும். அதன் பக்கம் 8, எனவே தெரியாத எண் 3. வர்க்கப் பூர்த்தி முறை என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். 15-ஐ 15-ஆல் பெருக்க 10, 5 எனப் பிரித்து 100, 50, 50, 25 என்று நான்கு கட்டங்களாக ஆறாம் வகுப்பில் வரைந்து காட்டப்படும் படமும் இதுவேதான். பரப்பில் குறை எண்ணுக்கு இடமில்லாததால் −13 என்ற மற்றொரு விடை படத்தில் தோன்றாது. குறை எண்களுக்கான விதிகளை இந்தியக் கணிதவியலாளர் பிரம்மகுப்தர் 628-இலேயே வகுத்திருந்தார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

ஆயினும் இத்தொடர்பு தானாக விளங்கிவிடுவதில்லை. பல்கலைக்கழகத்தில் நுழையும் மாணவர் பள்ளிக் கணிதத்தை மறக்கிறார், ஆசிரியராகப் பள்ளிக்குத் திரும்பும்போது பல்கலைக்கழகக் கணிதத்தை மறக்கிறார் என்ற இரட்டை முறிவை ஜெர்மன் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைன் 1908 அளவிலேயே சுட்டிக்காட்டினார். இடைநிலை இயற்கணிதமும் குறிகளை இடம் மாற்றும் பயிற்சியாக மட்டும் நடத்தப்பட்டால் அதே முறிவுக்கே வழிசெய்யும். பாடத்திட்டம் இணைத்துத் தராததை ஆசிரியர் தாமே இணைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு நேரமும், தெரியாததைத் தெரியாது என்று பிறர் முன் சொல்லும் துணிவும் வேண்டும். பகலில் விடை சொல்லும் இடத்தில் நிற்பவர் மாலையில் விடை தெரியாமல் உட்கார்வது எளிதன்று; ஆனால் விளங்காமை எப்படி இருக்கும் என்பதை நினைவிலிருந்தன்றி நிகழ்காலத்தில் அறியும் வாய்ப்பு வேறெதிலும் இத்தனை நேராகக் கிடைப்பதில்லை.

8-உடன் 4-ஐக் கூட்டியது, ஒரு கட்டத்தில் எழுதவேண்டிய எண்ணோடு 5-ஐக் கூட்டியதற்குச் சமம் என்று கொடுத்தால், பல குழந்தைகள் அந்தக் கட்டத்தில் 12 என்று எழுதுகிறார்கள். சமக்குறியை ‘விடை இதோ’ என்ற அறிவிப்பாக அவர்கள் படிக்கிறார்கள். 7 என்று திருத்திவிட்டு அடுத்த கணக்குக்குப் போவது எளிது. பொய்த் தீர்வோடு மல்லுக்கட்டிய ஆசிரியரோ அந்த 12-இல் வெறும் கவனக்குறைவைக் காண்பதில்லை. அக்குழந்தைக்குப் பின்னாளில் எதிர்ப்படவிருக்கும் எல்லாச் சமன்பாடுகளுக்கும் அடிப்படையான ஓர் உறவு இன்னும் உருவாகவில்லை என்பதைக் கண்டு, இடப்புறம் எவ்வளவு, வலப்புறம் எவ்வளவு என்று கேட்கத் தொடங்குகிறார்.