விஞ்ஞானியின் கடிதம் யாருக்குச் சொந்தம்?

ஜேம்ஸ் டெய்லர் 1852இல் இலங்கைக்கு வந்தபோது அவருக்கு 17 வயதுகூட நிறையவில்லை. ஸ்கொட்லாந்துக் கிராமம் ஒன்றிலிருந்து புறப்பட்டுவந்த அவர், கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் முதலில் கோப்பியைப் பார்த்துக்கொண்டார். 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையில் தேயிலை ஒரு தொழிலாக வேர்விட்டது அப்போதுதான். கொழுந்தைக் கையால் உருட்டிப் பக்குவப்படுத்திய அந்தக் காலத்திலேயே, தம் சொந்த யோசனையில் ஓர் உருட்டும் இயந்திரத்தையும் அமைத்தார். 1892இல் இறக்கும்வரை அவர் ஊர் திரும்பவில்லை. அவருக்குப் பதிலாக அவருடைய கடிதங்கள்தான் தகப்பனாரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்தக் கடிதங்கள் இன்று எடின்பரோவில், ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. ஏஞ்சலா மெக்கார்த்தியும் டாம் டிவைனும் 2017இல் டெய்லரைப் பற்றி எழுதிய நூலுக்கு அவையே முதுகெலும்பு. துரைமார் நினைவாகச் சொல்லிவந்த பெருமைக் கதைகளோடு நின்றுபோயிருக்க வேண்டிய ஒரு வாழ்க்கை, கடிதங்கள் ஒன்றாக இருந்ததால்தான் வரலாறாயிற்று.

அதே கடிதங்கள் ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வந்திருந்தால்? ‘இலங்கைத் தேயிலையின் முன்னோடி கையொப்பமிட்டது’ என்ற குறிப்போடு ஒன்று லண்டனுக்கும் இன்னொன்று நியூயோர்க்குக்கும் மூன்றாவது யாரோ ஒரு செல்வந்தரின் பெட்டகத்துக்கும் போயிருக்கும். ஒவ்வொரு தாளும் பத்திரமாகவே இருக்கும். ஆனால் அவற்றை வரிசையாக வைத்துப் படிக்க எவராலும் முடியாது. விஞ்ஞானிகள், கண்டுபிடிப்பாளர்கள் ஆகியோரின் கையெழுத்தையும் கடிதத்தையும் சேகரிக்கும் ஆசையின் அறச்சிக்கல் இங்கேதான் இருக்கிறது. விலை கொடுத்து வாங்கியவருக்கு அந்தக் காகிதத்தின் மேல் எவ்வளவு உரிமை உண்டு?

சட்டம் இதற்கு ஒரு பாதிப் பதிலைத் தருகிறது. கடிதம் கிடைத்தவருக்குத் தாள் சொந்தம். அதில் உள்ள வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள்வரை அந்த உரிமை நீடிக்கும். ஆனால், ஊருக்குப் பயன்படும் ஒரு கடிதத்தை வாங்கியவர் இருட்டில் பூட்டிவைப்பது சரியா என்ற கேள்வியைச் சட்டம் தொடுவதில்லை. அது மனச்சாட்சியின் பொறுப்பு.

சேகரிப்பவரை எடுத்த எடுப்பிலேயே குற்றவாளியாக்குவது நியாயமாகாது. ஐசக் நியூட்டனின் கையெழுத்துப் பிரதிகள் 1936இல் லண்டன் சொத்பி நிறுவனத்தில் 329 தொகுதிகளாகப் பிரித்து விற்கப்பட்டன. மொத்த வருமானம் 9,000 பவுனைச் சற்றே தாண்டியது. அந்தச் சிதறலைக் கண்டு மனம் பொறுக்காத பொருளியலறிஞர் ஜோன் மேனார்ட் கெய்ன்ஸ், ஏலத்தில் சிலவற்றை வாங்கினார். பிறகு வியாபாரிகளைத் தேடிப்போய் மேலும் பலவற்றை மீட்டார். வாங்கியதோடு நிற்காமல் உட்கார்ந்து படித்தார். இரசவாதத்திலும் சமய ஆராய்ச்சியிலும் மூழ்கிக் கிடந்த இன்னொரு நியூட்டனை உலகுக்குக் காட்டினார். 1946இல் அவர் இறந்தபோது அந்தத் தொகுப்பு கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றது. இப்படி ஒரு சேகரிப்பாளர் இருந்ததற்கு அறிவுலகம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

யாரும் சேகரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணிதமேதை இராமானுஜன் சான்று. 1920 ஏப்ரலில் அவர் இறந்த பின், கடைசி ஓராண்டில் எழுதிய தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியே கணிதவியலாளர் ஹார்டியிடம் போயின. அவரிடமிருந்து ஜி. என். வாட்சனிடம் சென்றன. 1965இல் வாட்சன் இறந்தார். அவருடைய படிப்பறையில் காகிதங்கள் குவியலாகத் தரையில் கிடந்தன. இன்னும் சில நாட்களில் எரிக்கப்பட இருந்தன. பார்க்கப் போன கணிதவியலாளர் விட்டேக்கர் அந்தக் குவியலுக்குள் கைவிட்டபோது அகப்பட்டவை இராமானுஜனின் தாள்கள். அவை 1968இல் ட்ரினிட்டி கல்லூரி நூலகத்தை அடைந்தன. 1976இல் ஜோர்ஜ் ஆண்ட்ரூஸ் அங்கே ஒரு பெட்டியில் அவற்றைக் கண்டார். அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள் இப்படித் தீயிலிருந்து தப்பியவை. தம் கணவரின் இறுதிச் சடங்கு நடந்த வேளையிலேயே பல தாள்கள் திருடப்பட்டுவிட்டன என்று ஜானகி அம்மாள், கணிதவியலாளர் புரூஸ் பெர்ண்ட்டிடம் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தத் தாள்களில் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

ஆக, பாதுகாப்பதும் சேகரிப்புத்தான், பறிப்பதும் சேகரிப்புத்தான். இரண்டையும் பிரிக்கும் கோட்டைச் சிலர் தெரிந்தே தாண்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் குலியெல்மோ லிப்ரி என்ற கணிதப் பேராசிரியர், பிரெஞ்சு நூலகங்களை மேற்பார்வையிடும் பொறுப்பில் இருந்துகொண்டே அவற்றைச் சூறையாடினார். தத்துவமேதையும் கணிதமேதையுமான டெக்கார்ட்டின் கடிதங்கள் பல அவரால் களவு போயின. அவற்றில் ஒன்று, 1641இல் தம் நண்பர் மெர்சென்னுக்கு எழுதியது, அமெரிக்காவில் கையெழுத்துச் சேகரிப்பாளர் ஒருவரின் கைக்கு வந்தது. அவர் மறைந்தபின் மனைவி அதை 1902இல் ஹாவர்போர்ட் கல்லூரிக்கு நன்கொடையாகக் கொடுத்தார். கொடுத்தவரும் பெற்றவரும் நல்லெண்ணம் கொண்டவர்களே. 2010இல் ஒரு டச்சு ஆய்வாளர் அது களவுபோன கடிதம் என்று காட்டியதும், கல்லூரி தானாகவே அதைப் பாரிசுக்குத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. ஒரு நூற்றாண்டு வைத்திருந்ததால் களவுப் பொருள் சொந்தமாகிவிடாது என்பதை அந்தக் கல்லூரி வாதாடாமல் ஏற்றுக்கொண்டது. சேகரிப்புலகம் பின்பற்றவேண்டிய நடத்தை அதுவே.

சார்ள்ஸ் டார்வினின் இரண்டு குறிப்பேடுகளும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து காணாமற்போயின. உயிரினங்களின் வம்சமரத்தை அவர் 1837இல் முதன்முதலாகக் கிறுக்கிப் பார்த்த பக்கம் அவற்றில் ஒன்றில்தான் இருக்கிறது. 2001இலிருந்து கண்ணில் படாத அவை, 2022 மார்ச்சில் ஓர் இளஞ்சிவப்புப் பரிசுப் பையில் நூலகரின் அறை வாசலில் கிடந்தன. கூடவே ஈஸ்டர் வாழ்த்து எழுதிய ஓர் உறை. கொண்டுவந்து வைத்தவர் பெயரில்லை. உலக அறிவின் ஒரு திருப்புமுனைப் பக்கம் இருபது ஆண்டுகளாக யாரோ ஒருவரிடம் அடைபட்டுக் கிடந்தது. அந்த ஒருவராலும் அதை நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட முடியவில்லை.

ஆசை எங்கே பெருகுகிறதோ அங்கே பொய்யும் பெருகும். மிஷெல் ஷால் பிரான்சின் பெரிய வடிவவியல் அறிஞர். அவருக்கு வ்ரேன்-லூக்கா என்பவன் ஆயிரக்கணக்கான போலிக் கடிதங்களை விற்றான். புவியீர்ப்பை நியூட்டனுக்கு முன்பே பாஸ்கல் கண்டறிந்ததாகக் காட்டும் கடிதங்கள் அவற்றில் இருந்தன. கிளியோபாட்ரா பிரெஞ்சு மொழியில் எழுதியதாக ஒன்றுகூட இருந்தது. மோசடிக்காரன் 1870இல் சிறைக்குப் போனான். ஆனால் அறிவியல் வரலாற்றையே திரித்துவிடப் பார்த்த அந்தக் காகிதங்களுக்குச் சந்தையைத் திறந்து வைத்தது ஓர் அறிஞரின் அடங்காத ஆசை. கடிதம் எங்கிருந்து, யார் கைகள் வழியாக வந்தது என்று கேட்காமல் பணம் கொடுப்பவருக்கு இந்தப் பாவத்தில் பங்குண்டு.

பணத்தின் அளவும் மாறிவிட்டது. மரபணுப் பொருளான டி.என்.ஏ.யின் அமைப்பை விளக்கி 1953 மார்ச்சில் பிரான்சிஸ் கிரிக் தம் 12 வயது மகனுக்கு எழுதிய கடிதம், 2013இல் 60 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. தொகையில் பாதி ஒரு விஞ்ஞான ஆய்வு நிலையத்துக்குச் சென்றது. விற்றவர் கடிதத்தைப் பெற்ற மகனின் குடும்பத்தார்; அதன் வாசகமும் உலகம் படிக்கக் கிடைக்கிறது. இதில் குறைகாண எதுவுமில்லை. தனிமனிதர் ஒருவர் பெருந்தொகை கொடுத்ததால் அறிவு எதையும் இழக்கவில்லை.

சேகரிப்பாளர் விரும்பாத ஒரு பக்கமும் உண்டு. அல்பேர்ட் ஐன்ஸ்டைன் 1922இல் ஜப்பானுக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் இறங்கினார். சில வாரங்களில் தோக்கியோவில், பரிசுப்பணம் கொடுக்கக் கையில் சில்லறை இல்லாமல், விடுதித் தூதுவர் ஒருவருக்கு இரண்டு குறிப்புகளை எழுதிக் கொடுத்தார். மகிழ்ச்சி பற்றிய குறிப்பு 2017இல் ஜெருசலேமில் 15 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. ஆனால் அதே பயணத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பு 2018இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தபோது, கொழும்பு மக்களைப் பற்றி அதில் இருந்தது வேறு. அழுக்கிலும் நாற்றத்திலும் வாழ்பவர்கள், கொஞ்சமே செய்து கொஞ்சமே வேண்டுபவர்கள் என்ற வகையில் அவர் எழுதியிருந்தார். மனிதர் இழுக்கும் ரிக்‌ஷாவில் ஏறியதற்கு வெட்கப்பட்டதையும் அதே குறிப்பேட்டில் பதிந்திருந்தார்.

அந்தரங்கமாக எழுதியதை அச்சிடுவது முறையா என்று கேட்கலாம். எழுதியவர் உயிரோடிருக்கும்போதும், அவரை நேரடியாக அறிந்தவர்கள் புண்படக்கூடிய காலத்திலும் அந்தக் கேள்விக்குப் பலம் அதிகம். தனி நோய், குடும்பத் துயரம் போன்றவற்றைச் சந்தையில் விரிப்பது எக்காலத்திலும் இழிவு. ஆனால் ஒரு நூற்றாண்டு கழிந்தபின், உலகமே வணங்கும் ஒருவர் இலங்கை மக்களை எப்படிப் பார்த்தார் என்பதை அறியும் உரிமை அந்த மக்களுக்கு உண்டு. கையெழுத்தை மட்டும் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டுகிறவர் மேதையைத் தெய்வமாக்குகிறார். முழுக் கடிதத்தையும் படிக்கக் கொடுக்கிறவர் மேதையை மனிதராக்குகிறார். இரண்டாவதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை.

ஒரு காலத்தில் கையெழுத்துப் பிரியர்கள் கடிதத்தின் அடியில் இருந்த ஒப்பத்தை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டினார்கள். தாளின் இருபுறமும் எழுதியிருந்தால் கத்தரிக்கோல் பின்பக்கத்து வரிகளையும் கொண்டுபோகும். ஒரு சோதனையின் முடிவோ, ஒரு செடியின் பெயரோ, ஒரு நண்பருக்குச் சொன்ன நன்றியோ அந்த வரிகளில் இருந்திருக்கும். பெயருக்காகப் பொருளை அழித்த செயல் அது.

மலையகத்தில் காகிதத்தின் பெறுமதியை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், மணமானவர்கள் 7 ஆண்டும் மற்றவர்கள் 10 ஆண்டும் தொடர்ந்து இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. லயத்து அறையில் ஒரு தகரப் பெட்டிக்குள் பத்திரப்படுத்திய பிறப்புச் சாட்சிப் பத்திரமும் தோட்டத்துத் துண்டும் ஒரு குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானித்தன. பெரியவர்களின் காகிதத்துக்கு இலட்சங்களில் விலை வைக்கும் உலகம், இந்தக் காகிதங்களை ஒரு பொருட்டாகவும் கருதியதில்லை.

விஞ்ஞானத்திலும் இதே பாகுபாடு தொடர்கிறது. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளர் த்வெய்ட்ஸ், டார்வினோடு கடிதத் தொடர்பில் இருந்தவர். அவர் பெயர் கடித வரலாற்றில் நிலைத்துவிட்டது. அவருக்காகக் காடு மேடெல்லாம் அலைந்து செடி கொண்டுவந்து கொடுத்தவர்களின் எழுத்து எங்கே? 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இயங்குகிறது. தேயிலை இலைச்சுருட்டுப் புழுவை அடக்க, 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டது உலகம் பாராட்டும் வெற்றி. ஆய்வு அறிக்கையின் அடியில் நிலையத்து அறிஞரின் ஒப்பம் இருக்கும். குளவி வளர்த்த உதவியாளரின் குறிப்பேடு, ஸ்டோரில் றோலரின் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்தே திருத்தியவரின் நுணுக்கம், கணக்கப்பிள்ளையின் வானிலைக் குறிப்பு ஆகியவற்றைத் தேடி எந்த ஏலக்காரரும் தலவாக்கலைக்கு வருவதில்லை. புகழ் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு சேகரித்தால், கண்டுபிடிப்பின் பாதி மட்டுமே மிஞ்சும்.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது. கை மாறும் ஒவ்வொரு முறையும் பழைய ஆபீஸ் அலுமாரிகளுக்கு ஆபத்து வருகிறது. அப்போது பழைய பதிவேட்டைக் குப்பையிலிருந்து எடுத்து வைப்பவர் எந்தத் திருட்டும் செய்யவில்லை. ஒரு கடமையைச் செய்கிறார். ஆனால் எடுத்ததை வீட்டில் பூட்டி வைத்தால் அந்தக் கடமை பாதியில் நின்றுவிடும்.

வழி இருக்கிறது என்பதற்கு டார்வினின் கடிதங்களே அத்தாட்சி. 1974இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய பணி, உலகெங்கும் உள்ள நூலகங்களிலும் தனியார் கைகளிலும் இருந்த 15,000க்கும் மேற்பட்ட கடிதங்களின் வாசகத்தைத் திரட்டி, 30 தொகுதிகளாக நிறைவடைந்தது. தாள் சொந்தக்காரரிடமே இருந்தது. சொல் எல்லாருக்கும் கிடைத்தது. உரிமையும் பொதுநன்மையும் மோதத் தேவையில்லை என்பதை அது நிறுவியது.

எனவே தீர்ப்பு இது. விஞ்ஞானியின் கடிதத்தை விலைக்கு வாங்குவது தவறன்று. வந்த வழி தெரியாமல் வாங்குவது தவறு. தொகுப்பைப் பிரித்து விற்பதும் தாளை வெட்டுவதும் தவறு. படி எடுக்க எவரையும் விடாமல் ஒளித்து வைப்பது பெருந்தவறு. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பழைய தோட்டக் கடிதமோ, ஆய்வுக் குறிப்பேடோ, ஸ்டோர்ப் பதிவேடோ வைத்திருப்பவர்கள், தாளைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, தெளிவான ஒரு படியை மட்டும் எடுத்துக் கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்துக்கோ, 2005 முதல் ஈழத்து, மலையகத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துக்கோ கொடுக்கட்டும். எழுதியவர் துரையா, உதவியாளரா, கங்காணியா என்று பார்த்துத் தரம் பிரிக்க வேண்டாம். மூவருடைய எழுத்தையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த மலையில் தேயிலை எப்படி வளர்ந்தது என்பது முழுமையாகத் தெரியும்.