நெத்திலி இல்லாத கீரை

புரட்டாசி, முதல் சனி, 2025

விடியற்காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. பினாங்கில் பருவம் ஏது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கோடை, குளிர் என்று எதுவும் இல்லைதான். ஆனால் கீரைக்கட்டைக் கையில் எடுத்தால் மாதம் தெரியும். இந்த மழையில் தண்டு நீர் கோத்து, அடியிலை அழுகி, சாயங்காலத்துக்குள் கட்டு குழைந்துவிடும். கேமரன் மலையிலிருந்து லாரியில் வரும் கோசுக்கும் தக்காளிக்கும் வருஷம் முழுக்க ஒரே முகம்.

சவுராஸ்தா மார்க்கெட்டுக்கு வெளியே குந்தியிருக்கும் சீனப் பாட்டியிடம் செக்கூர் மானிஸ் இரண்டு கட்டு வாங்கினேன். பாலேக் பூலாவில், வீட்டுக்குப் பின்னால் போட்ட பாத்தியில் பறித்ததாம். “ஹுஜான்” என்று வானத்தைக் காட்டிக் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கும் அவருக்கும் மலாய்தான் பொது.

தமிழ்நாட்டில் இதைத் தவசிக்கீரை என்பார்கள். இந்த மலாய்ப் பெயரும் அங்கே வழங்குகிறது. நம் ஆட்கள் கப்பலேறி வந்த கடலில் கீரை எதிர்த்திசையில் போயிருக்கிறது.

காம்பின் நுனியைப் பிடித்து விரலிடுக்கில் ஒரே இழுப்பு. இலையெல்லாம் கையில் வந்துவிடும். கழுவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே நன்றாகக் கசக்க வேண்டும். பச்சை நுரை வரும். விரல் ரேகையெல்லாம் பச்சை. இதைச் செய்யாவிட்டால் வாயில் நாராகத் தங்கும். பாதி வெந்த பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், இறக்கும்போது ஒரு பிடி தேங்காய்ப்பூ. பச்சையாக மட்டும் கூடாது. 1990களின் நடுவில் தைவானில் உடம்பு மெலிய இதைப் பச்சையாக அரைத்துக் குடித்த பலருக்கு நுரையீரலே கெட்டுப்போனது.

மற்ற மாதங்களில் நெத்திலியை வறுத்துப் போடுவோம். இப்போது அந்த டப்பா மேல் தட்டில்.

மூன்றாம் சனி

முதல் வாரம் நாக்கு எதையோ தேடிக்கொண்டே இருந்தது. உப்பைக் கூட்டிப் பார்த்தேன், பிரயோஜனமில்லை. இன்றைக்குத்தான் இலையின் இனிப்பு தெரிந்தது. மானிஸ் என்றாலே இனிப்பு. இத்தனை வருஷம் வாயால் சொல்லி வாங்கியும் இது உறைக்கவில்லை.

போன வருஷம் இதே நாட்களில் பாட்டியும் சைவம். சீனர்களின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாள், கியூ ஓங் யா விரதம், 2024-இல் அக்டோபர் 3-ஆம் தேதி தொடங்கிப் புரட்டாசிக்குள்ளேயே முடிந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கீரை. இந்த வருஷம் சீனப் பஞ்சாங்கத்தில் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்ததால் அவர்கள் விரதம் தள்ளிப்போய்விட்டது. பாட்டி இன்று மீன் பொட்டலத்தைக் கூடைக்குப் பின்னால் நகர்த்தி வைத்தார். எனக்காகவா, ஈக்காகவா என்று கேட்கவில்லை.

ஐப்பசி, தீபாவளிக்கு மறுநாள்

எதிர்த்த சாப்பாட்டுக் கடைகளில் மஞ்சள் கொடி. அவர்களுக்கு இன்று முதல் நாள். பாட்டி வெள்ளைச் சட்டையில் இருந்தார். எங்கள் வீட்டில் நேற்றைய ஆட்டுக்கறி மிச்சம் இருக்கிறது.

இரண்டு கட்டு வாங்கி வந்தேன். டப்பாவை இறக்கி, பழைய கணக்கில் ஒரு கைப்பிடி நெத்திலி போட்டேன்.

கொஞ்சம் கரித்தது.