மன்னிக்கும் இரும்பு



கொல்ப் விளையாட்டைப் பற்றி இப்பக்கத்தில் எழுதப் புகுந்ததற்காகச் சிலர் என்னைக் கோபிக்கக்கூடும். நம் குடும்பங்களில் கொல்ப் மட்டையைக் கையில் பிடித்தவர்கள் மிகச் சிலரே. 1879-ல் தொடங்கப்பட்ட கொழும்பு றோயல் கொல்ப் கழகத்தின் புற்றரையைக் களனிவெளிப் புகையிரதத்தின் யன்னலால் எட்டிப் பார்த்தவர்கள் இருப்பார்கள். நுவரெலியாவுக்குப் போன வேளையில் அங்குள்ள மைதானத்தின் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர்களும் இருப்பார்கள். அவ்வளவுதான். ஆயினும் அந்த விளையாட்டுக்காரரின் பேச்சில் அடிபடும் ஒரு சொல் சில நாட்களாக என்னை விடவில்லை. ஒருவகை இரும்பு மட்டையை அவர்கள் 'மன்னிக்கும் மட்டை' என்கிறார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு உரிய சொல் விளையாட்டு மைதானத்துக்கு எப்படிப் போயிற்று?

பழைய கொல்ப் மட்டைகளின் இரும்புத் தலை மெல்லிய கத்தி அலகு போல இருக்கும். அதன் பாரமெல்லாம் நடுவிலே குவிந்திருக்கும். பந்து அந்த நடுவில் சரியாகப் பட்டால் அதைப்போல் இன்பமான அடி வேறில்லை என்பார்கள். ஆனால் அரை அங்குலம் விலகி ஓரத்தில் பட்டதோ, மட்டை கையிலே முறுகும், விரல்கள் விறைத்துப் போகும், பந்து பாதி வழியில் நீரிலோ மணலிலோ விழும். தேர்ந்த வீரனுக்கு அது நல்ல ஆயுதம். கிழமைக்கு ஒருமுறை விளையாடும் சாதாரண மனிதனுக்கு அது ஓயாமல் தண்டிக்கும் நீதிபதி.

இதை மாற்றியவர்களுள் முக்கியமானவர் காஸ்டன் சோல்ஹைம். 1911-ல் நோர்வே நாட்டின் பேர்கன் நகரில் பிறந்து, குழந்தையாய் இருக்கையிலேயே அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர். தகப்பனார் சப்பாத்துத் தொழிலாளி. மகனும் பணமின்றிப் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டுச் சப்பாத்துத் திருத்தினார். பின்னர் விமானத் தொழிற்சாலைகளிலும் ஜெனரல் இலெக்ரிக் கம்பனியிலும் பொறியியலாளர் வேலை பார்த்தார். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர், ஆயினும் பக்தியுள்ள கிறிஸ்தவர். கூட வேலை செய்தவர்கள் அழைக்க, 42 வயதிலேதான் முதன்முதல் கொல்ப் மட்டையைப் பிடித்தார். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அந்தக் கடைசிச் சிறிய அடி அவருக்குச் சரிவரவேயில்லை. தன் இயலாமையோடு மல்லுக்கட்டி, வீட்டுக் கராஜில் இருந்தபடி 1959-ல் அவர் செய்த மட்டை, பந்தில் படும்போது 'பிங்' என்று ஒலித்தது. அந்த ஓசையே பின்னர் அவருடைய தொழிலகத்தின் பெயராயிற்று.

அவர் செய்தது என்ன? மட்டைக்குப் பாரத்தைக் கூட்டவில்லை. நடுவில் இருந்த இரும்பைக் குடைந்தெடுத்து, அதே பாரத்தை ஓரங்களுக்குப் பகிர்ந்து வைத்தார். இதை விளங்கிக்கொள்ள நமக்குப் பொறியியற் படிப்பு வேண்டாம். காவுதடியின் இரு முனைகளிலும் தண்ணீர்க் குடங்களைத் தூக்கிச் செல்பவரைப் பாருங்கள். வெறுந்தடியைச் சட்டென்று திருப்பிவிடலாம். முனைகளில் பாரம் தொங்கினால் அது இலேசில் திரும்பாது. ஓரம் பாரமான மட்டையும் அப்படித்தான். பந்து நடுவை விட்டு விலகிப் பட்டாலும் அது முறுகிப் போகாமல் தாங்கிக்கொள்ளும். அம்மட்டைகளை அடித்துச் செய்யாமல் மெழுகு வார்ப்பு முறையில் வார்த்தார்கள். நம் சிற்பிகள் வெண்கலச் சிலைகளுக்குக் கையாளும் முறைக்கு அது உறவானது. 1982-ல் வந்த 'பிங் ஐ 2' என்ற மட்டைத் தொகுதி உலகெங்கும் பரவியது. 1989-ல் றோயல் ட்ரூன் மைதானத்தில் நடந்த பிரித்தானியப் பகிரங்கப் போட்டியை மார்க் கல்கவேக்கியா வென்றதும் அம்மட்டைகளால்தான். ஆகவே அவை பலவீனருக்கு மட்டும் உரியவை என்று சொல்வதற்கில்லை.

நடுவில் இருந்த பாரத்தை எடுத்து ஓரத்தில் வைத்தல்! தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஓர் ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனின் கதையை இருபது வருடமாகப் பிரசங்கித்தும், இந்தக் கணக்கு எனக்குப் புலப்படவில்லை. நம் பங்குகளில் அன்பு குறைவென்று நான் சொல்லமாட்டேன். அது எங்கே குவிந்து கிடக்கிறது என்பதுதான் கேள்வி. தவறாமல் பூசைக்கு வரும் குடும்பம், சோதனையில் சித்தியடைந்த பிள்ளை, சொற்கேட்கும் மருமகள்: இவர்கள் மேல் நம் வாஞ்சை குவிகிறது. ஓரத்தில் அடிபடுகிறவன் வரும்போது நாம் முறுகிப் போகிறோம்.

என்னையே எடுத்துக்கொள்கிறேன். குருப்பட்டம் பெற்ற புதிதில், குடித்துவிட்டுக் கோவிலுக்கு வந்த ஓர் இளைஞனைப் பலர் முன்னிலையில் கண்டித்தேன். சொன்னவை எல்லாம் சரியானவையே. குருமடத்தில் படித்த ஒழுக்கவியலுக்கு ஓர் எழுத்தும் பிசகாதவை. அவன் அதன்பின் கோவில் வாசலை மிதிக்கவில்லை. தகப்பனாரின் அடக்கத்தன்றும் வெளியே, மதிலோரமாகவே நின்றான்.

இதற்கு மறுபக்கம் ஒன்றுண்டு, அதையும் சொல்லவேண்டும். மன்னிக்கும் மட்டை பொய் சொல்கிறது என்று வாதிடும் கொல்ப் ஆட்டக்காரர் பலர் இருக்கிறார்கள். பழைய கத்தி மட்டை தவறை உடனே கையில் உணர்த்தும், அதனால் ஆட்டம் திருந்தும், இதுவோ தவறை மூடி மறைத்து ஆளைச் சோம்பேறியாக்கும் என்பது அவர்கள் கட்சி. நம் வீடுகளிலும் இவ்வாதம் கேட்கிறது. 'மன்னித்து மன்னித்துத்தான் இவன் கெட்டான்' என்று எத்தனை தாய்மார் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் அம்மட்டையை ஆண்டாண்டு காலமாக வைத்திருப்பவர்களின் அனுபவம் வேறு. ஓரத்தில் பட்ட பந்து நடுவில் பட்ட பந்தைப்போல் போவதில்லை. சற்றுக் குறைந்தே போகும். பிழைத்தவனுக்குத் தன் பிழை தெரியும். ஆனால் பந்து தொலைந்து போகாது. நின்ற இடத்திலிருந்து அடுத்த அடியை அவன் அடிக்கலாம். இன்னொன்றும் உண்டு. மட்டையின் முகத்தையே வேறு திசைக்குத் திருப்பிப் பிடித்து அடிப்பவனுக்கு எந்த மட்டையும் உதவாது. பந்து அந்தத் திசைக்கே போகும். கை தடுமாறியதைத்தான் அது பொறுக்கும். முகத்தைத் திருப்ப வேண்டியவன் ஆட்டக்காரனே. ஒப்புரவு அருட்சாதனத்தில் மனஸ்தாபமும் பிரதிக்கினையும் ஏன் கேட்கப்படுகின்றன என்று வினவும் இளைஞருக்கு, இனி இந்த மட்டையைக் காட்டுவேன்.

நாற்பது வருடம் பழைய இந்த மட்டைகளைத் தேடி வாங்குபவர்கள் இன்றும் உள்ளனர். தகப்பனார் கராஜில் போட்டுவைத்ததை எடுத்துத் துடைத்து விளையாடுவோரும் உண்டு. வளைந்த கழுத்தும் குடைந்த முதுகுமாய் அவை பார்வைக்கு அழகில்லை. புதிய மட்டைகளில் பந்து தூரம் போகிறதென்பது மெய்யே. ஆனால் அதில் ஒரு பகுதி வெறும் இலக்க வித்தை. முன்பு ஏழாம் இலக்க மட்டையின் சாய்வு ஏறக்குறைய 35 பாகை. இப்போது பலவற்றில் 30 அல்லது அதிலும் குறைவு. பழைய ஆறாம் இலக்கத்துக்கு ஏழு என்று பெயர் வைத்தால் ஏழு தூரம் போகத்தானே செய்யும்! பெருந்தொகை கொடுத்துப் புதியதை வாங்கி, சில மாதங்களில் பழையதற்கே திரும்பியவர்கள், எதிர்பார்த்த இடத்தில் பந்து விழுவதே போதும் என்கிறார்கள்.

இந்த மட்டையால் பெரிய சண்டையும் வந்தது. அதன் முகத்திலுள்ள கோடுகளின் அமைப்பு விதிக்கு முரணானது என்று அமெரிக்க கொல்ப் சங்கம் தீர்த்தது. சோல்ஹைம் 1989-ல் வழக்குத் தொடர்ந்தார். 1990-ல் இணக்கம் ஏற்பட்டு, அவ்வாண்டு ஏப்ரல் முதலாந் திகதிக்கு முன் செய்யப்பட்ட மட்டைகள் தொடர்ந்தும் அனுமதிக்கப்பட்டன. சோல்ஹைம் 2000-ல் காலமானார். 2010-ல் கோடுகளுக்குப் புதிய விதி வந்தபோது, பில் மிக்கல்சன் என்ற பெயர்பெற்ற வீரர் பழைய ஐ 2 மட்டை ஒன்றைக் கலிபோர்னியாவில் நடந்த போட்டியில் பயன்படுத்தினார். பழைய இணக்கத்தின்படி அதற்கு இடமிருந்தது. ஸ்கொட் மக்கரன் என்ற சக வீரரோ அதை ஏமாற்று என்று பத்திரிகைக்குச் சொன்னார். நேர்மையையே மானமாகக் கொண்ட அந்த விளையாட்டில் அதைவிடக் கொடிய வசை இல்லை. மிக்கல்சன் கொதித்துப் போனார்.

மக்கரன் சில நாட்களுள் நேரிலே போய் மன்னிப்புக் கேட்டார். கடிதம் எழுதவில்லை, ஆள் அனுப்பவில்லை. மிக்கல்சன் ஏற்றுக்கொண்டார். அத்தோடு, உரிமை தன் பக்கம் இருந்தும், மற்ற வீரர்களை எண்ணி அந்த வாரப் போட்டியில் அம்மட்டையை எடுக்காமல் விட்டார். மார்ச் மாதத்தில் சோல்ஹைமின் மகன், தகப்பனார் வழக்காடிப் பெற்ற அந்தச் சலுகையைத் தொழில்முறைப் போட்டிகளில் தாமாகவே விட்டுக்கொடுத்தார்.

இராயப்பர் எத்தனை முறை மன்னிப்பது என்று கேட்ட இடத்தை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். உரிமை இருந்தும் சகோதரனுக்காக அதை விட்டுவிடுவதைப் பற்றிச் சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 8-ஆம் அதிகாரம் அவ்வளவாக வாசிக்கப்படுவதில்லை. பதின்மூன்றே வசனங்கள். இன்றிரவு செபமாலை முடிந்ததும், காணி வழக்காலோ கலியாணச் சச்சரவாலோ நீங்கள் பேசாதிருக்கும் உறவினரை மனதில் வைத்து, வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். மதிலோரம் நின்ற அந்த இளைஞன் இருக்கும் ஊர் எதுவென்று இப்போதுதான் அறிந்தேன். வருகிற சனிக்கிழமை போவதாக இருக்கிறேன்.