பாழ்நிலம் யாருடையது?

திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாய்க் குளத்திற்குப் புரவலர் மூவர் கூறப்படுகின்றனர். பாளி நூல்களை ஒட்டிய வரலாறு அதனை 7ஆம் நூற்றாண்டு மன்னன் இரண்டாம் அக்கபோதியோடு இணைக்கின்றது. கோணேசர் கல்வெட்டினைத் தழுவிய தமிழ் மரபு குளக்கோட்டனைப் போற்றுகின்றது. மூன்றாமவர், காடு மூடிக் கிடந்த குளத்தை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீட்டளித்த பிரித்தானியர். முதலிருவரைப் பற்றிய வழக்கு வரலாற்று மாணவருக்குரியது. மூன்றாமவரைப் பற்றியதோ அறவியல் வழக்கு. குடியேற்ற ஆட்சி செய்த நன்மை, அது இழைத்த தீங்கிற்கு ஈடாகுமா என்பதே அங்கு எழும் வினா.

அவ்வாட்சியின் ஆதரவாளர் கையாளும் வாதம் கணக்கப்பிள்ளையின் ஏட்டினை ஒத்தது. ஒரு பக்கத்தில் வீதி, புகையிரதம், பாடசாலை, மீட்கப்பட்ட குளம். மறுபக்கத்தில் பறிபோன நிலம், சிதைந்த வழக்காறு. கூட்டிக் கழித்து மிகுதியைப் பாருங்கள் என்பர். கந்தளாயைப் பொறுத்தவரை அவ்வேட்டின் வரவுப் பக்கம் வெறுமையன்று. 1795இல் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே குளம் சீரழிந்துவிட்டது. அவ்வழிவுக்கு அவர்களைப் பொறுப்பாளிகளாக்குதல் நேர்மையாகாது. மீட்கப்பட்ட நீர் தம்பலகாமத்து வயல்களுக்குப் பயன்பட்டது என்பதும் மெய்யே.

சிற்றூர்க் குளங்களின் கதை சற்று வேறானது. கோல்புறூக் குழுவின் விதப்புரைப்படி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அதனோடு, குளக்கட்டினை ஊரார் கூடித் திருத்தும் வழக்கமும் தன் கட்டுப்பாட்டை இழந்தது. 1856இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இயற்றி, அதே பழைய வழக்காறுகளைச் சட்டத்தின் துணையால் உயிர்ப்பிக்க வேண்டியதாயிற்று. தாம் உடைத்த பானையைத் தாமே ஒட்டினர் என்று இதனைக் கூறிவிடலாம். ஆயின் இராசகாரியத்தின் கீழ் வருந்தியவனைக் கேட்டிருந்தால் அவன் அப்பானைக்காகக் கண்ணீர் விட்டிருக்கமாட்டான்.

எனவே ஏட்டின் இரு பக்கமும் கலந்தே கிடக்கின்றன. ஆனால் இந்த ஏட்டில் பதியப்படாத ஒன்று உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் குடியற்றும் பயிரற்றும் கிடக்கும் நிலமெல்லாம், மறுதலையாக நிறுவப்படும்வரை, முடிக்குரியவை என அனுமானித்தது. கண்டி மாகாணங்களின் சேனை நிலங்கள் குறித்து அச்சட்டம் இன்னும் கடுமையாக இருந்தது. 1897ஆம் ஆண்டின் தரிசுநிலச் சட்டமோ அறிவித்தல் ஒன்றினை வெளியிட்டு, மூன்று மாதத்துள் உரிமை கோருவார் இல்லையெனில் நிலம் முடியைச் சேரும் என்றது. தலைமுறை தலைமுறையாக ஒரு காட்டில் தேன் எடுத்தவனும், சில ஆண்டு பயிரிட்டுப் பின் மண் தேறுவதற்காக விட்டு வைத்தவனும், ஒரு காலைப்பொழுதில் தம் உரிமையைத் தாமே நிரூபிக்க வேண்டியவராயினர். வந்தவனிடம் உறுதி கேட்பாரில்லை, இருந்தவனிடம் கேட்டனர். அவ்வாறு பெற்ற மலைநாட்டு நிலங்கள் 1844 வரை ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலையில் கோப்பித் தோட்டங்களாக விற்கப்பட்டன. வாங்கியோருள் தேசாதிபதியும் அரச உத்தியோகத்தரும் இருந்தனர் என்பது சுவையான செய்தி.

‘தரிசு’ என்ற அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு மெய்யியல் நிற்கின்றது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோன் லொக், உழைப்பினை நிலத்தோடு கலப்பவனுக்கே அந்நிலம் உரியது என வாதிட்டார். உழுது வேலியிடுதலே அவர் கண்ட உழைப்பு. அமெரிக்கப் பழங்குடியினரின் பரந்த நிலம் அவர் நோக்கில் பயன்படாது கிடந்தது. கரோலைனாக் குடியேற்றத்தின் உரிமையாளர்க்குச் செயலாளராக இருந்தவர் அவர் என்பதை மறத்தலாகாது. அவுஸ்திரேலியாவில் 1788 முதல் குடியேறிய ஆங்கிலேயர் அக்கண்டத்தையே ஆளில்லா நிலமாகக் கருதினர். அக்கோட்பாடு பிழையானது என அந்நாட்டு உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் 1992இல்தான் தீர்த்தது.

தமிழ் மரபு நிலத்தை வேறு கண்ணால் நோக்கியது. திணைப் பாகுபாட்டில் குறிஞ்சிக்கும் முல்லைக்கும் தெய்வமும் மக்களும் தொழிலும் உண்டு. வெந்து கிடக்கும் பாலைக்குங்கூட எயினரும் கொற்றவையும் உண்டு. ஆளில்லாத் திணை என ஒன்றில்லை. கிழக்கிலங்கையின் கரையோர வேடரை இத்திணைக்கண் கொண்டு நோக்கின் அவர் காட்டின் மக்கள். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணுக்கு அவர் வாழ்ந்த காடு குடியற்றது. கந்தளாயின் காட்டுக்கும் பழைய முகவரி இருந்தது. முதலாம் விசயபாகு காலத்துப் பளமோட்டைத் தமிழ்க் கல்வெட்டு, அங்கிருந்த சதுர்வேதிமங்கலத்தின் சிவாலயத்திற்குப் பார்ப்பனப் பெண்ணொருத்தி தன் கணவன் பொருட்டு அளித்த கொடையைக் கூறுகின்றது.

மன்னரும் நிலமனைத்துக்கும் தாமே உரியவர் என்றனரே, பிரித்தானிய முடி புதிதாக என்ன செய்தது எனச் சிலர் வினவலாம். வலிமையான வினாவே இது. ஆயின் மன்னன் கோரியது பெரும்பாலும் விளைச்சலில் பங்கும் ஊழியமுமே. காட்டை அளந்து, அங்கு பயின்றவனை வெளியேற்றி, கடல் கடந்து வந்தவனுக்கு விலைப்படுத்தும் பண்டமாக அவன் அதனைக் கருதினான் என்பதற்கில்லை. இங்குதான் கணக்கேட்டு வாதம் தளர்கின்றது. ஈடுசெய்தல் என்பதற்குக் கொடுப்பவனும் பெறுபவனும் தத்தமக்குரிய பொருளோடு நிற்றல் வேண்டும். குளத்தையும் அதன்கீழ் நிலத்தையும் முதலில் தனதாக அறிவித்துக்கொண்ட ஓர் அரசு, பின்னர் அவற்றை வழங்கும்போது, பெறுபவன் தன் பழைய உரிமையைக் கோருபவனாக அன்றி இரப்பவனாகவே முன்னிற்கின்றான். நீர் இனிமையானதே, அதனை ஏற்கும் நிலைதான் மாற்றப்பட்டுவிட்டது.

இம்மாற்றம் பிரித்தானியரோடு கப்பலேறவில்லை. 1972இல் நாடு குடியரசானபின் முடிக்குரிய காணி அரச காணி எனப் பெயர் பெற்றது. அனுமானம் அப்படியே இருந்தது. சுதந்திரத்தின்பின் கந்தளாயிலும் அல்லையிலும் நிகழ்ந்த அரச குடியேற்றங்கள் ‘வெற்று நிலம்’ என்ற அதே எண்ணத்தின்மீதே எழுந்தன. அவை மாவட்டத்தின் இன விகிதத்தை மாற்றியமையால் எழுந்த கசப்பு நாடறிந்தது. 1983இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது தம்பானை வேடர் தம் வேட்டைக் காட்டில் அத்துமீறியோராயினர்.

அதேவேளை, கந்தளாயில் குடியேற்றப்பட்ட ஏழை விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் தகாது. 1986 ஏப்ரலில் குளக்கட்டு உடைந்தபோது வெள்ளம் யார் முந்தி வந்தவர் என்று பார்த்து உயிர்களைக் கொள்ளவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரச காணி பெற்றவர் கையிலிருந்தது பெரும்பாலும் ஓர் அனுமதிப்பத்திரமே. அதனைக் கொண்டு அவர் காணியை விரும்பியவாறு விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. தந்தை வெட்டிய வரம்பில் நின்று உழும் மகனும், உரிமை கேட்கப்படும்போது, பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பத்திரத்தைத்தான் எடுத்து நீட்ட வேண்டும்.