நூற்றுத் தொண்ணூற்றொன்பது

"நீ எழுதலைன்னாலும் அது நடந்திருக்கும்டா" என்றான் நண்பன். நடந்தது இதுதான்: ஓர் இளம் கவிஞரின் சுமாரான கவிதை ஸ்க்ரீன்ஷாட்டாகச் சுற்றியது. ஆளாளுக்குக் கிண்டலடித்தோம். என் பங்கு நான்கே சொற்கள். மறுநாள் அவர் கணக்கைக் காணோம். அதற்குப் பிறகு அவர் எழுதி நான் எங்கும் பார்க்கவில்லை.

நான்கு சொற்களுக்கு எவ்வளவு பொறுப்பு? இந்தக் கேள்வி உறுத்திக்கொண்டிருந்த நாட்களில்தான் கட்டற்ற எலக்ட்ரான் லேசர் பற்றிப் படித்தேன். ஜெர்மனியில் ஹாம்பர்க்கிலிருந்து நீளும் 3.4 கிலோமீட்டர் சுரங்கத்தில் 2017 முதல் அப்படியொன்று இயங்குகிறது. 'கட்டற்ற' என்றால் எந்த அணுவோடும் பிணைக்கப்படாத எலக்ட்ரான், அவ்வளவுதான். மற்றபடி பாவம், அதற்கு ஒரு சுதந்திரமும் கிடையாது. கிட்டத்தட்ட ஒளியின் வேகத்துக்கு முடுக்கி, வடக்கு தெற்காக மாற்றி மாற்றி அடுக்கிய காந்தங்களுக்கு நடுவே விடுகிறார்கள். எலக்ட்ரான்கள் நெளிந்து நெளிந்து ஓடுகின்றன. நெளியும்போது எக்ஸ் கதிரை உமிழ்கின்றன. முதலில் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு. வெறும் இரைச்சல். ஆனால் உமிழ்ந்த ஒளி கூடவே பயணித்து, அதே எலக்ட்ரான்களைத் தள்ளியும் இழுத்தும், அலைநீளத்துக்கு ஒன்றாக மெல்லிய தட்டுகளாய் அடுக்கிவிடுகிறது. அடுக்கப்பட்டவை ஒருசேர உமிழ்கின்றன, ஒளி வலுக்கிறது, அடுக்கு இன்னும் இறுகுகிறது. உத்தரவு போட யாருமில்லை. அன்றைக்கு எங்கள் டைம்லைனிலும் யாரும் இல்லை.

என்னைத் தூங்கவிடாதது இதிலுள்ள கணக்கு. தாறுமாறான நூறு எலக்ட்ரான்கள், ஒன்று தருவதைப் போல நூறு மடங்கு ஒளி தரும். ஒத்திசைந்த நூறு, பத்தாயிரம் மடங்கு. அதில் ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 99-இன் வர்க்கம், 9,801. குறைவது 199. தனியாக இருந்தால் 1 மட்டுமே தந்திருக்கக்கூடியது.

நண்பன் சொன்னது பாதி சரி. நான் இல்லாமலும் 9,801 இருந்திருக்கும். ஒரு மனிதர் ஒடுங்கிப்போக அது தாராளம். ஆனால் 'நூற்றில் ஒரு பங்குதானே' என்ற ஆறுதல் போய்விட்டது. இன்னொரு விசித்திரம்: நூறு பேரும் தத்தம் 199-ஐக் கொண்டுவந்து கூட்டினால் 19,900 வருகிறது. நடந்த தீங்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! பங்கு பிரித்துக் கழிக்கிற கடன் மாதிரி இது இல்லை போல.

எலக்ட்ரானுக்கு வேறு வழியில்லையே என்று கேட்கலாம். சரிதான், ஒப்புமை அங்கே உடைகிறது. ஆனால் எனக்குச் சாதகமாக உடையவில்லை. அந்தக் கவிதையை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே இருந்த சிரிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்த பிறகுதான் என் நான்கு சொற்களைத் தட்டினேன்.