மகனுடைய துப்பாக்கியும் தகப்பனுடைய திறவுகோலும்



பதினான்கு வயதுப் பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக வேட்டைத் துப்பாக்கி கொடுத்தார்கள் என்று கேட்டால், நமக்குத் தூக்கிவாரிப் போடும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் நாட்டுப்புறங்களில் அது அப்படியொன்றும் விபரீதமல்ல. மான் வேட்டைக் காலத்தில் தகப்பன் மகனைக் காட்டுக்கு அழைத்துச் செல்கிறான். குழலை யார் பக்கமும் திருப்பலாகாது, சுடும் கணம் வரை விசையில் விரல் வைக்கலாகாது என்று கற்பிக்கிறான். நம்மூர்க் குடியானவன் மகனுக்கு ஏர் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததைப் போன்ற குடும்ப வழக்கம் அது. பாட்டனுடைய துப்பாக்கி பேரனுக்கு வருகிறது. பேரன் அதைத் துடைத்து எண்ணெயிட்டு, "இது என்னுடையது" என்கிறான். இவர்களைக் கொடியவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற குடும்பங்களும் இவர்களில் ஏராளம்.

சட்டமும் இதற்கு இடங்கொடுக்கிறது. 1968ஆம் ஆண்டின் சட்டப்படி, உரிமம் பெற்ற வியாபாரி 18 வயது நிரம்பாதவனுக்கு வேட்டைத் துப்பாக்கி விற்கக்கூடாது. கைத்துப்பாக்கிக்கு 21 வயது. ஆனால் தகப்பன் தன் துப்பாக்கியை மகனுக்குக் கொடுத்தால்? வேட்டைத் துப்பாக்கியை வைத்திருப்பதற்கு மத்திய சட்டம் வயதெல்லை எதுவும் குறிக்கவில்லை. சில மாநிலங்களே குறித்திருக்கின்றன. ஆக, கடையில் அடைத்த கதவு வீட்டில் திறந்திருக்கிறது. அங்கே காவல் நிற்கவேண்டியவர்கள் பெற்றோர்.

அப்படியானால் பிள்ளையின் கையால் கேடு விளையும்போது, அந்தக் காவற்காரருடைய பொறுப்பு எவ்வளவு? இரண்டு வழக்குகளைக் கேளுங்கள்.

2018 மே 18ஆம் தேதி, டெக்ஸாஸ் மாநிலத்து சாண்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில், 17 வயது மாணவன் ஒருவன் தன் தகப்பனுடைய வேட்டைத் துப்பாக்கியையும் ஒரு சுழல் துப்பாக்கியையும் கொண்டு எட்டு மாணவரையும் இரண்டு ஆசிரியரையும் கொன்றான். மாண்டவர்களில் ஒருத்தி பாகிஸ்தானிலிருந்து படிக்க வந்திருந்த பெண். பிள்ளைகளுக்கு எட்டும்படி துப்பாக்கியை வைக்கிறவரைத் தண்டிக்க அங்கே சட்டம் உண்டு. ஆனால் அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பற்றியது. இவனோ பதினேழை எட்டியிருந்தான். இறந்தவர்களுடைய குடும்பத்தார் பெற்றோர்மேல் நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்தார்கள். துப்பாக்கிகளைப் பூட்டித்தான் வைத்திருந்தோம், மகன் மனத்தில் இருந்தது எங்களுக்குத் தெரியாது என்றார்கள் பெற்றோர். 2024 ஆகஸ்டில் ஜூரிகள் அவர்களைப் பொறுப்பாளிகள் அல்லவென்று விட்டார்கள்.

மற்றது மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் நடந்தது. 2021 நவம்பரில் ஒரு தகப்பன் தன் 15 வயது மகனுக்காகக் கைத்துப்பாக்கி வாங்கினார். நான்காம் நாள் காலையில் அவன் வரைந்த பயங்கரமான படத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தார் தாய் தகப்பனை அழைத்தார்கள். வந்தார்கள், மகனை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை, துப்பாக்கியைப் பற்றி வாய் திறக்கவுமில்லை. சில மணி நேரத்தில் நான்கு மாணவர் மாண்டார்கள். 2024இல் அந்த இருவருக்கும் குறைந்தது 10, அதிகபட்சம் 15 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் பலரைச் சுட்டுக் கொன்றதற்காகப் பெற்றோர் இவ்விதம் தண்டனை பெற்றது அந்நாட்டில் அதுவே முதல் தடவை.

ஒரே விதமான துயரம். தீர்ப்போ நேர் எதிர். மோயீசன் சட்டத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றிய பிரமாணம் ஒன்று உண்டல்லவா? மாடு முட்டும் என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காதவன் இரத்தப்பழிக்கு உள்ளாவான், அறியாதவன் தப்புவான். நீதிமன்றங்கள் பெரும்பாலும் இந்த அளவுகோலைத்தான் கையாளுகின்றன. ஆனால் வீட்டைக் காக்க இது போதாது என்றே சொல்வேன். உபாகமத்தில் இதைவிடக் கண்டிப்பான இன்னொரு பிரமாணம் இருக்கிறது: புது வீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும், ஒருவன் விழுந்து செத்தால் பழி அவ்வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. விழப்போகிறவன் யார், எப்போது விழுவான் என்று அங்கே கேள்வியில்லை. யாரையும் சந்தேகித்தா நாம் கைப்பிடிச் சுவர் கட்டுகிறோம்?

"என் மகன் நல்லவன், அவனுக்கு எதிரே பூட்டுவது அவனை அவமானப்படுத்துவதாகும்" என்பார்கள் சிலர். நல்ல பிள்ளைக்கும் கெட்ட நாழிகை உண்டு. தேர்வில் தோற்ற இரவு, தோழர் ஏளனம் செய்த மாலை என்று எத்தனையோ. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொள்கிறவர்கள். அப்படிச் சுட்டுக்கொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர்போல் பிழைப்பதில்லை. இளைஞருடைய அந்த வேகம் பல சமயம் சில நிமிடங்களில் தணிந்துவிடக்கூடியது. அந்தச் சில நிமிடங்களைக் கடத்துவதற்குத்தான் பூட்டு.

"அது எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது" என்பது இன்னொரு சமாதானம். அலபாமா மாநிலத்து நாட்டுப்புறக் குடும்பங்களில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே விசாரித்து 2006இல் வெளியான ஆராய்ச்சியைப் பாருங்கள். பிள்ளைக்கு இடம் தெரியாது என்ற பெற்றோரில் நூற்றுக்கு 39 பேருடைய பிள்ளைகள், தெரியும் என்றார்கள். பலகாரம் வைத்த டப்பாவை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிக்கிற பிள்ளைகளை வளர்த்த நமக்கு இதில் என்ன ஆச்சரியம்?

செய்யவேண்டியது கடினமல்ல. தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை இரும்பு அலமாரியில் பூட்டவேண்டும். தோட்டாக்களை வேறோரிடத்தில் வேறு பூட்டுப் போட்டு வைக்கவேண்டும். திறவுகோல் பெரியவர் இடுப்பில் இருக்கட்டும். படத்துக்குப் பின்னாலும், மேசை இழுப்பறையிலும் வேண்டாம். துப்பாக்கி பையனுக்கே சொந்தமானாலும் திறவுகோல் அவனுக்குச் சொந்தமல்ல. வேட்டைக்குப் போகும் நாளில் தகப்பன் கையால் எடுத்துக் கொடுத்து, திரும்பியதும் தகப்பன் கையால் உள்ளே வைக்கட்டும். பையன் முகம் கோணினால் கோணட்டும்.

உங்களில் சிலருடைய மக்களும் பேரப்பிள்ளைகளும் அந்நாட்டில் குடியிருக்கலாம். அவர்கள் வீட்டில் துப்பாக்கி இல்லாதிருக்கலாம். பேரன் விளையாடப் போகிற வீட்டில் இருக்கலாம். அங்கே அவனை அனுப்புமுன், "உங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா? பூட்டியிருக்கிறதா?" என்று அந்தத் தாயைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல, அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களே பெற்றோரை அப்படிக் கேட்கச் சொல்லுகிறார்கள். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது உங்கள் மருமகளிடம் இதைச் சொல்லுங்கள்.