யார் வரி கட்டுகிறவர்?

'நாங்க கட்டுற வரியிலதான் உங்களுக்கு ஸ்காலர்ஷிப்' என்ற பேச்சைக் கேட்காத சேரிப் பிள்ளை உண்டா? இந்த 'நாங்க' யார்?

கோவில்பட்டிக் கரிசக்காட்டில் மழை பொய்த்தால் நம் பெண்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்தான். அந்தப் பெட்டிக்கு 1934லேயே வெள்ளைக்காரன் தனிச்சட்டம் போட்டு எக்சைஸ் வரி வைத்தான். 2020 ஏப்ரலில் கைத்தீப்பெட்டிக்கும் மெஷின் தீப்பெட்டிக்கும் ஒரே ஜி.எஸ்.டி., 12 சதம் ஆனது. 2021 டிசம்பரில் பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய். குச்சி அடுக்கினவளே கடையில் வாங்கும்போது வரியும் சேர்த்துத்தான் கொடுக்கிறாள். முதலாளி வீட்டு அடுப்புக்கும் அதே வரிதான், பைசா கூடுதல் இல்லை. ஆனால் ரசீது அவரிடம் இருக்கிறது.

ரசீது சாமானியப்பட்டதல்ல. 1919 சட்டப்படி நடந்த தேர்தல்களில் பெரும்பாலும் சொத்தும் வரியும் உள்ளவனுக்கே ஓட்டு. நிலமில்லாதவன் கிஸ்தி கட்டவில்லை, ஆகவே ஆளாகவே எண்ணப்படவில்லை. அவன் வாங்கின உப்பில் வரி இருந்ததே, அதை எந்தக் கணக்குப்பிள்ளை எழுதினான்? 1928இல் சைமன் கமிஷனிடம் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு கேட்டவர் அம்பேத்கர்.

ஓட்டு வந்துவிட்டது. ஆபீஸ் வாசலில் இன்னும் 'வீட்டுத் தீர்வை ரசீது எங்கம்மா?' என்கிறார்கள். புறம்போக்கில் குடியிருக்கிறவளுக்கு ஏது ரசீது? மடியில இருக்கிற தீப்பெட்டிய எடுத்து நீட்டினா ஒத்துக்குவாங்களா?